பதினெட்டு வயது வீரரை என்ன செய்வது: முதல் அணியா, லோனா, பி அணியா, விற்பனையா?

2017 அக்டோபர் 28 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. அரைமணி நேரம் தாண்டியபோது ஸ்பெயின் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் ரியான் ப்ரூஸ்டர் ஒரு கோலைத் திருப்பினார். பிறகு மோர்கன் கிப்ஸ்-வைட், ஃபில் ஃபோடன், மார்க் கேஹி, மறுபடியும் ஃபோடன். 5-2 என்ற கணக்கில் இங்கிலாந்து கோப்பையை வென்றது.

கோல் அடித்த நால்வரும் 2000-ல் பிறந்தவர்கள். ஒரே பயிற்சியாளர், ஒரே கோப்பை. அதன் பிறகு நால்வரும் நான்கு வழியில் போனார்கள். ஃபோடன் மான்செஸ்டர் சிட்டியின் பெஞ்சில் காத்திருந்தார். கிப்ஸ்-வைட் லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆடப் போய் வந்து, கடைசியில் வேறு கிளப்பில் நிலைத்தார். கேஹியை செல்சி விற்றுவிட்டது. அந்தத் தொடரில் எட்டு கோல் அடித்து தங்கக் காலணி வாங்கிய ப்ரூஸ்டருக்கு, நால்வரில் மிகக் கடினமான பாதை அமைந்தது.

“பையன் நன்றாக ஆடுகிறான், ஏன் இறக்க மாட்டேன் என்கிறார்கள்? லோனுக்கு அனுப்பினால் நல்லதா? விற்றால் பின்னால் வருத்தப்படுவோமா?” வீரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்ஃபர் விண்டோ திறக்கும்போதெல்லாம் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்விகள் வருகின்றன. சிலர் ரசிகர்களாகக் கேட்கிறார்கள், சிலர் மகனை அகாடமியில் சேர்த்துவிட்ட பெற்றோராக. கொல்கத்தாவில் ஆடிய அந்தத் தலைமுறையை வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன். அவர்களுடைய கதை நமக்கு முழுதாகத் தெரியும் என்பது ஒரு வசதி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறமை, வயது, துணிச்சல் என்று நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது ஒரே கேள்விதான்: அந்தப் பையன் ஆடும் இடம் எப்போது காலியாகும்?

## எதை வைத்து எடைபோடுவது

காலி இடம். அவன் இடத்தில் இப்போது ஆடுபவருக்கு என்ன வயது, ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, அவருக்கு அடுத்து வரிசையில் யார் நிற்கிறார்கள். நான்கு அளவுகோலில் இதற்குத்தான் அதிக எடை தருகிறேன்.

தொடர்ந்து கிடைக்கும் நிமிடங்கள். 88-வது நிமிடத்தில் ஐந்து முறை இறங்குவதும் தொடர்ச்சியாக ஐந்து ஆட்டங்களை முதல் பதினொருவரில் ஒருவராகத் தொடங்குவதும் வேறு வேறு. தவறு செய்து, அடுத்த வாரமும் இறங்கி, அதைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பு இரண்டாவதில்தான் இருக்கிறது.

தவறுக்கு யார் விலை கொடுப்பது. நான்கு ஆட்டம் தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பயிற்சியாளரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. அவர் மேல் குற்றமும் இல்லை.

உடம்பு. பதினேழு வயதுத் தசை, வாரம் இரண்டு ஆட்டம் ஆடுவதற்கு இன்னும் தயாராகியிருக்காது.

பணமும் ஒப்பந்தமும் எல்லா வழியிலும் குறுக்கே வரும். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## முதல் வழி: முதல் அணியிலேயே வைத்துக்கொள்வது

ஃபோடனை லோனுக்கு அனுப்பச் சொல்லி இங்கிலாந்தில் பல பேர் பேசினார்கள், எழுதினார்கள். சிட்டியின் பயிற்சியாளர் குவார்டியோலா அசையவே இல்லை. 2017 நவம்பரில் ஃபெயனூர்ட் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் ஃபோடன் முதன்முறையாக இறங்கினார். பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து ஆடியது 2019 ஏப்ரல் 3, கார்டிஃபுக்கு எதிராக. நடுவில் ஏறக்குறைய பதினாறு மாதம். உலகக் கோப்பையில் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து வாங்கிய ஒருவருக்கு அது நீண்ட காத்திருப்பு.

அந்தப் பதினாறு மாதமும் அவர் சும்மா இருக்கவில்லை. லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பை ஆட்டங்களை அவருக்குக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் ரோதர்ஹாம், பர்ட்டன் அணிகளை சிட்டி நொறுக்கிய ஆட்டங்களில் அவரும் கோல் அடித்தார். தினமும், அவர் ஆடும் நடுக்களத்திலேயே ஆடிய டேவிட் சில்வாவுக்கும் டி ப்ரூய்னவுக்கும் பக்கத்தில் பயிற்சி.

கார்டிஃப் ஆட்டம் முடிந்து இரண்டரை வாரத்தில், ஏப்ரல் 20 அன்று, டாட்டன்ஹாம் சிட்டியின் மைதானத்துக்கு வந்தது. மூன்று நாள் முன்புதான் அதே டாட்டன்ஹாம் அதே மைதானத்தில் சிட்டியைச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றியிருந்தது. லீக்கில் லிவர்பூல் நெருக்கிக்கொண்டிருந்தது, ஒரு புள்ளியைக்கூடத் தவறவிட முடியாத நேரம். அந்த ஆட்டத்தில் பதினெட்டு வயது ஃபோடனைத் தொடக்கத்திலிருந்தே இறக்கினார் குவார்டியோலா. ஐந்தாவது நிமிடம், வலப்பக்கத்திலிருந்து வந்த கிராஸை அகுவேரோ தலையால் கோல் முகப்புக்குத் திருப்ப, ஓடிவந்த ஃபோடன் தலையாலேயே உள்ளே தள்ளினார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அந்த வருடம் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97.

இந்தக் கதையைச் சொல்லி “பார்த்தீர்களா, பொறுமையாக இருந்தால் வாய்ப்பு வரும்” என்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 2018 டிசம்பரில் ஃபோடனுக்கு 2024 வரை ஒப்பந்தம் போட்டார்கள். 2019 ஜூனில், இன்னும் ஒரே ஒரு சீசன்தான் இருப்பேன் என்று டேவிட் சில்வா அறிவித்தார். அதாவது எந்த நாற்காலி, எந்த மாதம் காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கிளப்பும் அந்த இடத்துக்குப் புதிதாகப் பெரிய ஆளை வாங்கிப் போடவில்லை. காத்திருப்புக்கு ஒரு தேதி இருந்ததால்தான் அது பலித்தது. 2023-24 சீசனில் 19 லீக் கோல்கள், பிரீமியர் லீக்கின் சிறந்த வீரர் விருது.

தேதி இல்லாமல் காத்திருந்தவர் அதே உலகக் கோப்பை அணியில் இருந்த கேலம் ஹட்சன்-ஓடோய். 2019 ஜனவரியில் பயர்ன் மியூனிக் அவருக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டது. கடைசியாக வந்த தொகை சுமார் 3.5 கோடி பவுண்டு என்று செய்தி. அவரும் போக விரும்பினார், செல்சி விடவில்லை. மார்ச்சில் இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஆடிவிட்டார், ஆனால் அதுவரை செல்சிக்காக ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தொடக்கத்திலிருந்து ஆடியிருக்கவில்லை. ஏப்ரலில் குதிகால் தசைநார் அறுந்தது. அதன் பிறகு பயிற்சியாளர்கள் மாறினார்கள், அவரை ஆடவைக்கும் இடமும் மாறிக்கொண்டே இருந்தது. 2023-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனபோது கிடைத்தது பயர்ன் சொன்ன விலையில் ஒரு சிறு பகுதி.

### கண்ணில் படாத செலவுகள்

ஒன்று, ஆடாத வருடங்கள். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒரு சீசனைப் பெஞ்சில் கழித்தால் அதைத் திரும்ப வாங்க முடியாது.

இரண்டாவது இதற்கு நேரெதிர்: அளவுக்கு மீறி ஆடவைப்பது. பார்சிலோனாவின் பெத்ரி 2020-21-ல் கிளப், யூரோ, ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், அப்போது வயது பதினெட்டு. அடுத்த சீசன் தொடைத்தசைக் காயங்களிலேயே பெரும்பகுதி போனது. அன்ஸு ஃபாத்தி பதினாறு வயதில் வந்தார், பதினெட்டில் முழங்கால் போனது, திரும்பத் திரும்ப அறுவைச் சிகிச்சை. பணநெருக்கடியில் இருக்கும் கிளப் ஒரு பையனைக் கண்டுபிடித்துவிட்டால், அவனுக்கு ஓய்வு கொடுக்க மனசு வராது. இந்த ஆபத்தைப் பற்றி ரசிகர்கள் மிகக் குறைவாகத்தான் பேசுகிறோம். அவன் ஆடுவதைப் பார்க்கும் ஆசை நமக்கும் இருக்கிறதே.

### எப்போது இது சரி

அவன் இடம் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் காலியாகும் என்று உறுதியாகத் தெரிந்தால். பயிற்சியாளரின் வேலை பத்திரமாக இருந்தால். கிளப் மூன்று நான்கு போட்டிகளில் ஆடி, கோப்பை ஆட்டங்களை இளைஞர்களுக்குக் கொடுக்க முடிந்தால். விங்கர், அட்டாக்கிங் மிட்ஃபீல்டர் போன்ற இடங்களுக்கு இந்த வழி கூடுதலாகப் பொருந்தும். ஐந்து மாற்று வீரர் விதி வந்த பிறகு கடைசி இருபது நிமிடம் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரு பந்தை இழந்தாலும் பின்னால் காப்பாற்ற ஆட்கள் இருப்பார்கள். சென்டர்பேக்குக்கும் கோல்கீப்பருக்கும் அந்த வசதி இல்லை.

## இரண்டாம் வழி: லோனுக்கு அனுப்புவது

லோன் என்றதும் எந்தக் கிளப், எந்த டிவிஷன் என்றுதான் கேட்கிறோம். அங்கே பயிற்சியாளர் யார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கொல்கத்தாவில் இங்கிலாந்துப் பையன்களை வழிநடத்தியவர் ஸ்டீவ் கூப்பர். 2019-ல் அவர் இரண்டாம் டிவிஷனில் இருந்த ஸ்வான்ஸிக்குப் பொறுப்பேற்றார். 2020 ஜனவரியில் லிவர்பூலிடமிருந்து ப்ரூஸ்டரையும் செல்சியிடமிருந்து கேஹி, கானர் கேலகர் இருவரையும் லோனில் எடுத்தார். அடுத்த சீசனுக்கு கேஹி மறுபடி வந்தார், வுல்வ்ஸிலிருந்து கிப்ஸ்-வைட்டும் வந்தார். நால்வரையும் கூப்பருக்குப் பதினாறு பதினேழு வயதிலிருந்தே தெரியும். யாரை எங்கே நிறுத்தினால் ஆடுவான், யாருக்கு எப்போது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. அரை சீசனில் ப்ரூஸ்டர் 11 கோல் அடித்தார். ஸ்வான்ஸி இரண்டு வருடமும், மேல் டிவிஷனுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃபுக்குப் போனது. 2022-ல் ஃபாரஸ்டைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்த கூப்பர், கிப்ஸ்-வைட்டை 2.5 கோடி பவுண்டு கொடுத்து நிரந்தரமாகவே வாங்கினார்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எமில் ஸ்மித் ரோவை ஆர்சனல் 2019 ஜனவரியில் ஆர்பி லைப்சிக்குக் கொடுத்தது. பெரிய கிளப், இளைஞர்களை வளர்ப்பதில் பெயர் பெற்றது. ஆனால் பையன் இடுப்புக் காயத்தோடு போனான், அந்த அரை சீசனில் அவன் களத்தில் இருந்ததே மிகக் கொஞ்சம். அடுத்த ஜனவரியில் இரண்டாம் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த ஹட்டர்ஸ்ஃபீல்டுக்குப் போனான். அங்கேதான் வாரா வாரம் ஆடினான். பெயர் பெரிதாக இருந்த கிளப் தராததை, தரவரிசையின் அடியில் இருந்த கிளப் தந்தது. அவர்களுக்கு அவன் தேவைப்பட்டான், அவ்வளவுதான்.

கேலகரின் கதை லோனின் நல்லது கெட்டது இரண்டையும் காட்டுகிறது. சார்ல்டன், ஸ்வான்ஸி, வெஸ்ட் பிராம், கிரிஸ்டல் பேலஸ் என்று மூன்று சீசனில் நான்கு கிளப். வெஸ்ட் பிராமில் அவரை எடுத்த ஸ்லாவன் பிலிச்சை டிசம்பரிலேயே நீக்கிவிட்டார்கள், கிளப்பும் கீழே இறங்கியது. பேலஸில் எட்டு லீக் கோல். செல்சிக்குத் திரும்பி இரண்டு சீசன் ஏராளமாக ஆடினார். 2024-ல் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார்.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடர் சில மாதங்களில் முடிந்துவிடும் காலத்தில், சென்னையின் எஃப்சி தன் இளைஞர்கள் அனிருத் தாபாவை மினர்வா பஞ்சாபுக்கும் ஜெர்ரி லால்ரின்ஸுவாலாவை டிஎஸ்கே சிவாஜியன்ஸுக்கும், இன்னொரு தேசியத் தொடரான ஐ-லீக் ஆட அனுப்பியது. வருடத்தில் பாதிக்கு மேல் போட்டியே இல்லாமல் கழிப்பதற்கு அது எவ்வளவோ மேல். 2017-18-ல் சென்னையின் கோப்பை வென்றபோது இருவரும் அணியின் முக்கிய ஆட்கள்.

### கண்ணில் படாத செலவுகள்

லோன் எடுக்கும் கிளப்புக்கு உங்கள் பையனை வளர்ப்பதில் லாபம் இல்லை. இந்த வாரம் ஜெயிக்க வேண்டும், அதற்கு உதவினால் ஆடுவான். தங்கள் சொந்த அகாடமிப் பையனை உட்காரவைத்துவிட்டு அவனை ஏன் இறக்க வேண்டும் என்று அவர்கள் யோசிப்பதும் நியாயம்தான். அதனால்தான் விவரமான கிளப்புகள், குறிப்பிட்ட ஆட்டங்களுக்கு மேல் ஆடவைத்தால் லோன் கட்டணம் குறையும், உட்காரவைத்தால் கூடும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றன.

ஆட்டமுறை இன்னொரு சிக்கல். பின்னாலிருந்து சிறு பாஸ்களாகக் கட்டி ஆடும் கிளப்பின் மிட்ஃபீல்டர், பந்து தலைக்கு மேலேயே பறக்கும் அணிக்குப் போனால் ஒரு வருடத்தில் கற்றதைவிட மறந்தது அதிகமாக இருக்கும். அதோடு, மூன்றாவது லோனுக்குப் பிறகு சொந்த கிளப்பிலேயே அவன் வெளி ஆள் மாதிரி ஆகிவிடுகிறான். பயிற்சி மைதானத்தில் யாரும் அவனை மனதில் வைத்துத் திட்டம் போடுவதில்லை.

ஃபிஃபா 2022 ஜூலை முதல் லோனுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு லோன் அதிகபட்சம் ஒரு வருடம். 2024-25 முதல், நாடு விட்டு நாடு போகும் லோன்களில் ஒரு கிளப் ஆறு பேருக்கு மேல் அனுப்பவோ எடுக்கவோ முடியாது. 21 வயது வரையுள்ள, சொந்த அகாடமியில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. ஆக, இளைஞர்களை அனுப்பும் கதவு இன்னும் அகலமாகவே திறந்திருக்கிறது. இருபத்திரண்டு தாண்டியும் சுற்றிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் நெருக்கடி.

### எப்போது இது சரி

அவன் இடம் காலியாக ஒன்று அல்லது இரண்டு வருடம் ஆகும், ஆனால் காலியாகும் என்பது தெரிந்தால். சென்டர்பேக், கோல்கீப்பர், ஸ்ட்ரைக்கர் ஆகியோருக்கு லோனையே முதலில் பரிந்துரைப்பேன். தவறு செய்து செய்துதான் கற்க வேண்டிய இடங்கள் அவை, அந்தத் தவறுகளைப் பெரிய கிளப் தாங்காது. ஆர்சனல் சென்டர்பேக் வில்லியம் சாலிபாவை 2019-ல் வாங்கிவிட்டு, மூன்று சீசனில் மூன்று பிரெஞ்சு கிளப்புகளுக்கு லோனில் அனுப்பியது. ரசிகர்கள் கொதித்தார்கள். 2022-ல் வந்தவர் முதல் வாரத்திலிருந்தே அசைக்க முடியாத ஆளாக நின்றார்.

## மூன்றாம் வழி: பி அணி

பி அணி என்பது கிளப்பின் இரண்டாம் அணி. இந்த வழி எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஸ்பெயினில் பி அணிகள் இரண்டாம் டிவிஷன் வரை பெரியவர்களோடு மோதலாம். ஜெர்மனியில் மூன்றாம் டிவிஷன் வரை. நெதர்லாந்தில் யோங் அயாக்ஸ் 2017-18-ல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தையே வென்றது, விதிப்படி மேலே போக முடியவில்லை. இத்தாலியில் யுவென்டஸ் 2018-ல் இதைத் தொடங்கியது. இங்கிலாந்தில் மட்டும் இளைஞர்கள் இளைஞர்களோடு ஆடும் தனி லீக். வேகம் உண்டு, நுட்பம் உண்டு, ஆனால் எதிரே நிற்பவருக்கு அது வீட்டு வாடகைக்கான ஆட்டம் இல்லை. அதனால்தான் இங்கிலாந்தில் லோன் இவ்வளவு பெரிதாகிவிட்டது.

பி அணியின் பெரிய பலம், ஆட்டமுறை மாறாமல் இருப்பது. 2007-08-ல் குவார்டியோலா பார்சிலோனா பி அணியை நான்காம் டிவிஷனில் நடத்தினார். அங்கே ஆடிய புஸ்கெட்ஸும் பெத்ரோவும் அடுத்த வருடம் அவரோடு மேலே வந்தார்கள், அந்த சீசனே மூன்று கோப்பை. பயிற்சியாளரும் சேர்ந்து மேலே வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இவர்களுக்கு என்ன தெரியும் என்று யாரும் அவருக்கு அறிக்கை எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கொல்கத்தாவில் ஸ்பெயினின் கேப்டனாக இருந்த ஆபெல் ரூயிஸும் அதே பி அணிக்குத்தான் போனார். முதல் அணியில் அவருடைய ஸ்ட்ரைக்கர் இடத்தில் நின்றவர் லூயிஸ் சுவாரெஸ். 2019 ஆகஸ்டில் மெஸ்ஸி, சுவாரெஸ், டெம்பெலே மூவரும் ஒரே நேரத்தில் காயம்பட்டபோது கிளப் கூப்பிட்டது பதினாறு வயது அன்ஸு ஃபாத்தியை. அடுத்த ஜனவரியில் ரூயிஸ் போர்ச்சுகலின் பிராகாவுக்குப் போய்விட்டார். பி அணியில் நன்றாக ஆடினால் முதல் அணியில் இடம் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

அதே உலகக் கோப்பையில் ஆடிய நம் இந்தியப் பையன்களுக்கு இதன் இன்னொரு வடிவம் கிடைத்தது. இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவர்களை இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஒரே அணியாக ஐ-லீக்கில் ஆடவைத்தது. தரம் இறக்கம் கிடையாது. ஜீக்சன் சிங், சுரேஷ் வாங்ஜம் போன்றவர்கள் அங்கிருந்து ஐஎஸ்எல் கிளப்புகளுக்கும் தேசிய அணிக்கும் வந்தார்கள். ஆட்ட நிமிடங்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்தில் நின்று கத்தி வழிகாட்ட ஒரு முப்பது வயது டிஃபெண்டர்தான் இல்லை. 2022-ல் அணியையே கலைத்துவிட்டார்கள். அந்த முடிவு எனக்கு இன்றும் வருத்தம்தான். குறைகளோடும்கூட, பதினெட்டு வயதுப் பையன்கள் வாரா வாரம் பெரியவர்களோடு ஆட வேறு இடம் இங்கே அதிகம் இருக்கவில்லை.

முதல் அணியோடு ஒரே முறையில் ஆடும், பெரியவர்களின் லீக்கில் இருக்கும் பி அணி என்றால் 17-19 வயதுக்கு இது நல்ல இடம். இருபது தாண்டியும் அங்கேயே இருந்தால் கிளம்பிவிடுவதே மேல்.

## நான்காம் வழி: விற்பது, அல்லது பையனே கிளம்புவது

ஜேடன் சாஞ்சோ சிட்டி கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 2017 ஆகஸ்ட் கடைசி நாளில் டார்ட்மண்ட் போனார். அதற்குச் சில நாள் முன்தான் டெம்பெலேவைப் பார்சிலோனாவுக்கு விற்றிருந்தார்கள். அவர் விட்டுப்போன ஏழாம் எண் சட்டை சாஞ்சோவுக்கு. இடம் காலி, சட்டையும் காலி. நான்கு வருடத்தில் 7.3 கோடி பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. அங்கே அது பலிக்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் பதினேழு வயதில் அவர் எடுத்த முடிவு சரி.

விற்ற கிளப் வருந்த வேண்டிய கதை கேஹியுடையது. இதில் கொஞ்சம் நிற்கிறேன். 2021 கோடையில் செல்சி சாம்பியன்ஸ் லீக்கை அப்போதுதான் வென்றிருந்தது. தியாகோ சில்வா, ரூடிகர், கிறிஸ்டென்சன், அஸ்பிலிக்வெட்டா எல்லாரும் இருக்கிறார்கள். கேஹிக்கு இடமே இல்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். சுமார் 1.8 கோடி பவுண்டுக்கு பேலஸுக்கு விற்றார்கள். அதே கோடையில் தங்கள் அகாடமியின் இன்னொரு சென்டர்பேக் ஃபிகாயோ தொமோரியையும் ஏசி மிலானுக்கு விற்றார்கள். ஆனால் ரூடிகர், கிறிஸ்டென்சன் இருவரின் ஒப்பந்தமும் 2022 ஜூனில் முடிகிறது என்பது அப்போதே தெரியும். அடுத்த கோடையில் இருவரும் செல்சிக்கு ஒரு பைசாகூடக் கிடைக்காமல் வெளியேறினார்கள். கூலிபாலியையும் ஃபொஃபானாவையும் வாங்க செல்சி 10 கோடி பவுண்டு அளவுக்குச் செலவழித்தது. தொமோரி அந்த வருடம் இத்தாலியில் லீக் பட்டம் வென்றார். கேஹி பேலஸின் கேப்டனாகி 2025-ல் அந்தக் கிளப்புக்கு முதல் எஃப்ஏ கோப்பையைக் கொண்டுவந்தார். இன்றைய அணிப் பட்டியலை மட்டும் பார்த்தார்கள், அடுத்த வருடப் பட்டியலைப் பார்க்கவில்லை.

அகாடமி வீரரை விற்க கிளப்புகளுக்குக் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு தூண்டுதல் இருக்கிறது. வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பிரித்து எழுதுவார்கள். அகாடமிப் பையனுக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லாததால், விற்ற தொகை முழுவதும் அந்த வருட லாபம். நிதி விதிகள் இறுகிய காலத்தில் இது பெரிய சபலம். 2023-ல் சிட்டி தன் அகாடமி வீரர் கோல் பாமரை சுமார் 4 கோடி பவுண்டுக்கு செல்சிக்கு விற்றது. முதல் சீசனிலேயே அவர் 22 லீக் கோல் அடித்தார்.

வீரரின் பக்கம் பார்த்தால், விலை ஒரு சுமை. ப்ரூஸ்டர் 2018 ஜனவரியில் காயம்பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆடவில்லை. ஸ்வான்ஸியில் ஒரு நல்ல அரை சீசன் ஆடினார். உடனே 2.35 கோடி பவுண்டுக்கு ஷெஃபீல்டு யுனைடெட் வாங்கியது. ஜெயிக்கத் திணறும் அணி, பந்தே வந்து சேராத ஸ்ட்ரைக்கர், பெரிய விலை. அந்த சீசன் முழுவதும் ஒரு லீக் கோல்கூட இல்லை, கிளப் கீழே இறங்கியது. தன்னை அறிந்த பயிற்சியாளரிடம் இன்னொரு வருடம் லோனில் இருந்திருந்தால் அவர் பாதை வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மூன்று வருடம் பார்த்தாலும் இடம் காலியாகாது என்றால் விற்பதுதான் நேர்மை. அப்படி விற்கும்போது, குறிப்பிட்ட விலைக்குத் திரும்ப வாங்கும் உரிமையையும் மறுவிற்பனையில் பங்கையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | முதல் அணி | லோன் | பி அணி | விற்பனை |
|---|---|---|---|---|
| இடம் எப்போது காலியாக வேண்டும் | 12-18 மாதத்துக்குள் | 1-2 வருடத்தில் | தேதி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் 20 வயது வரை மட்டும் | மூன்று வருடத்துக்குக் காலியாகாது |
| தொடர் நிமிடங்கள் | குறைவு, சிதறலாக | போகும் இடத்தைப் பொறுத்து | நிறைய | வாங்கும் கிளப்பின் தேவையைப் பொறுத்து |
| தவறைத் தாங்கும் சக்தி | பயிற்சியாளரின் வேலை பத்திரமாக இருந்தால் மட்டும் | நடுத்தரம் | அதிகம் | விலை ஏற ஏறக் குறையும் |
| உடம்புக்கு ஆபத்து | ஓய்வு தராத கிளப்பில் அதிகம் | கண்காணிப்பு கைவிட்டுப் போகும் | குறைவு | வழக்கமான அளவு |
| மறைந்திருக்கும் செலவு | ஆடாத வருடங்கள் | சொந்த கிளப்பிலேயே அந்நியமாதல் | வசதியாகத் தேங்கிவிடுதல் | ஒரு வருடம் கழித்து நாலு மடங்கு கொடுத்து ஆள் வாங்குதல் |
| உதாரணம் | ஃபோடன், ஹட்சன்-ஓடோய் | கேலகர், சாலிபா | புஸ்கெட்ஸ், ரூயிஸ் | சாஞ்சோ, கேஹி, ப்ரூஸ்டர் |

## நடைமுறையில் எப்படி முடிவெடுப்பது

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. மார்ட்டின் ஓடெகார்ட் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட் போய், பி அணியில் ஆடி, ஹீரன்ஃபேன், விட்டெஸ், ரியல் சோசியெடாட் என்று லோனில் சுற்றி, கடைசியில் ஆர்சனலுக்கு விற்கப்பட்டு, 2022-ல் அங்கே கேப்டனானார். மாட்ரிட்டில் மோட்ரிச்சும் க்ரூஸும் இருந்தவரை அவருடைய இடம் திறக்கவே போவதில்லை. அதை அவர் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் வளர்ச்சி வேகம் பிடித்தது.

ரசிகராகக் கேட்பவர்களுக்கு: உங்கள் கிளப்பின் ஒப்பந்தப் பட்டியலை எடுத்து, அந்தப் பையனின் இடத்தில் இருப்பவர்களின் முடிவு வருடத்தைப் பாருங்கள். பாதி விவாதம் அங்கேயே தீர்ந்துவிடும். 2019-ல் செல்சிக்கு வீரர் வாங்கத் தடை வந்தபோது, மவுண்ட், ஏப்ரஹாம், தொமோரி, ரீஸ் ஜேம்ஸ் நால்வரும் லோன் முடிந்து திரும்பியிருந்தார்கள். இடம் தானாகத் திறந்தது. பயிற்சியாளர் லாம்பார்டின் அணி நான்காம் இடம் பிடித்தது. முந்தைய வருடம் தடை இல்லாதபோதும் அந்தப் பையன்கள் அதே பையன்கள்தான்.

பெற்றோராகவோ வீரராகவோ கேட்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் இடத்தில் இப்போது யார், அவர் எப்போது போகிறார்? என்னை எடுக்கச் சொன்னது பயிற்சியாளரா, அலுவலகத்தில் இருப்பவரா? பயிற்சியாளர் மாறினால் எனக்கு என்ன வழி? மூன்றாவதற்குப் பதில் வாய்வார்த்தையாக இருக்கக் கூடாது. லோன் என்றால் ஜனவரியில் திரும்ப அழைக்கும் ஷரத்து எழுத்தில் இருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் ஆடிய நிமிடங்களைக் கூட்டிப் பாருங்கள். கிடைத்திருக்கக்கூடிய நிமிடங்களில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால், விண்டோ திறப்பதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். ஜனவரி கடைசி வாரத்தில் தேடுபவருக்கு மிஞ்சுவது மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட இடங்கள்தான்.